கேமரா நாமளே மாட்டலாமா, ஆள் கூப்பிடணுமா? திருவிழாவுக்கு முன்னாடி ஒரு பேச்சு



ஆடித் திருவிழா வேலை ஆரம்பிச்சாச்சு. பந்தல், அன்னதானம், இரத ஊர்வலம் பத்தியெல்லாம் தனிப் பதிவு வரும். இந்தப் பதிவு உங்க வீட்டைப் பத்தி. கோவில் தொண்டர்கள் எதுக்கு வீட்டுப் பூட்டைப் பத்திப் பேசணும்னு சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கு. இரதம் கிளம்புற ராத்திரி தோட்டத்துல பாதி வீட்டுல ஆள் இருக்காது. சாயங்காலம் பூட்டுற கதவு, அம்மன் ஊர்வலம் முடிஞ்சு திரும்பி வர்ற வரைக்கும் பூட்டியே கிடக்கும். இது நமக்குத் தெரியும். நாம ஒட்டுற நோட்டீஸைப் படிக்கிறவங்களுக்கும், முகநூல்ல நேரலை பார்க்குறவங்களுக்கும் தெரியும். நம்ம அழைப்பிதழ்ல இருக்குற நேரம், கெட்ட எண்ணத்தோட பார்க்குறவனுக்கும் நேரம்தான்.

அதனாலதான் கொஞ்ச நாளா எங்களுக்கு ஒரே கேள்வி வந்துக்கிட்டே இருக்கு. "தம்பி, ஷாப்பியில நூறு வெள்ளிக்குக் கேமரா இருக்கு, நாமளே மாட்டிக்கலாமா? இல்ல கடைக்காரனைக் கூப்பிடணுமா? அவன் ஆயிரத்துக்கு மேல கேட்கிறான்." எங்க கருத்தை முதல்லயே சொல்லிடறோம். வீட்டுக்குள்ள ஒட்டுற, பிளக்குல சொருகுற சாமானை நீங்களே மாட்டுங்க. வெளியில ஓடுற வயர், ஏணி ஏறுற உயரம், புது கரண்ட் பாயிண்ட், இடி மின்னல் சம்பந்தப்பட்ட வேலைக்குத் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க. கோவிலுக்குக் கண்டிப்பா ஆள் கூப்பிட்டே ஆகணும். ஆனா யார் மாட்டினாலும் பாஸ்வேர்டும் பராமரிப்பும் நம்ம கையில இருக்கணும். மாட்டுறது ஒரு நாள் வேலை. பார்த்துக்குறது தினம் தினம் வேலை. செலவை மட்டும் கணக்குப் பார்க்குறவங்க இந்த ரெண்டாவது வேலையைக் கணக்குல சேர்க்குறதில்லை.

ஏன் இப்படிச் சொல்றோம்னு ஒவ்வொண்ணா சொல்றோம்.

முன்ன தோட்டத்துக்கு அலாரம் தேவைப்படல

பால்மரம் இருந்த காலத்துல லயத்து வீடுதான் அலாரம். ஒரே வரிசையில கதவு, நடுவுல ஒரு சுவர். இருமினா பக்கத்து வீட்டுல கேட்கும். விடியறதுக்கு முன்னாடியே வெளிச்சம் வந்துடும், பெரட்டுக்கு ஆள் கிளம்பிடும். வாசல்ல ஜாகா இருப்பார். நாய் இருக்கும். வெளியாள் ஒருத்தன் உள்ள வந்தா, யார் வீட்டுக்கு வந்திருக்கான்னு அஞ்சு பேர் கேட்பாங்க.

இப்ப அப்படியா இருக்கு? ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ், போர்ட்டிக்சன் பக்கம் எந்தத் தோட்டத்தை வேணும்னாலும் எடுத்துக்கோங்க. பால்மரம் போய் செம்பனை வந்துடுச்சு. பிள்ளைங்க கோலாலம்பூர்லயும் சிங்கப்பூர்லயும் வேலை செய்றாங்க. பல குடும்பம் சிரம்பான், நீலாய் பக்கம் தாமான் வீடு வாங்கிப் போயாச்சு. லயத்துல மிச்சம் இருக்குறது பெரும்பாலும் வயசானவங்க. கோவில் மட்டும் நகரல. வெள்ளிக்கிழமையும் திருவிழாவும் வந்தா எல்லாரும் வர்றாங்க, மத்த நாள்ல செம்பனைக்கு நடுவுல அம்மனும் ஒரு விளக்கும்தான்.

இங்க ஒண்ணு சொல்லியாகணும். ஏதாவது காணாமப் போனா உடனே வெளிநாட்டுத் தொழிலாளிங்க மேல பழி போடுற பழக்கம் வேண்டாம். நம்ம தாத்தா பாட்டியும் ஒரு காலத்துல இந்த மண்ணுக்கு வெளியாளாத்தான் வந்தாங்க. ஊகத்துல ஒரு மனுசனைத் திருடன்னு சொல்றது பாவம். ஊகத்தை நிறுத்தத்தான் ஆதாரம் வேணும், அதுக்குத்தான் இந்தக் கருவி எல்லாம்.

முதல்ல அலாரம், அப்புறம் கேமரா

நிறைய பேர் கேமராவுலதான் ஆரம்பிக்கிறாங்க. பேப்பர்ல மறைக்காணின்னு எழுதுறாங்களே, அதேதான். எங்க பார்வையில வீட்டுக்கு அலாரம்தான் முதல்ல. கேமரா நடந்ததைப் பார்க்கும். அலாரம் நடக்கும்போதே கத்தும். லயத்து வீடு மாதிரி நெருக்கமான இடத்துல ஒரு சைரன் அடிச்சா பத்து வீட்டுக்குக் கேட்கும். மாசச் சந்தா கட்டி எங்கேயோ ஒரு கண்காணிப்பு மையத்துல ஆள் உட்கார்ந்து பார்க்குறதை விட, பக்கத்து வீட்டு அண்ணன் டார்ச் லைட்டோட வெளியில வர்றது சீக்கிரம் நடக்கும். தோட்டத்து மண் ரோட்டுல யார் வந்தாலும் நேரம் ஆகுமே!

அலாரத்துல ரெண்டு வகை உணரி பிரபலம். ஒண்ணு கதவுக் காந்தம். கதவுல ஒரு காந்தத் துண்டு, நிலையில ஒரு சின்ன சுவிட்ச். ரெண்டும் பக்கத்துல இருக்குற வரைக்கும் அமைதி, கதவு திறந்து விலகினா சத்தம். இன்னொண்ணு ஆள் நடமாட்டத்தை உடம்புச் சூட்டை வெச்சுக் கண்டுபிடிக்கிறது. ரெண்டாவதுதான் பெட்டியில பெருசா படம் போட்டு விக்கிறாங்க. ஆனா நம்ம தகரக் கூரை வீட்டுக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. அது சுத்துப்புறச் சூட்டுக்கும் மனுச உடம்புச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்குது. மத்தியானம் வீட்டுக்குள்ளயே 34, 35 டிகிரி ஆச்சுன்னா வித்தியாசம் குறைஞ்சு போய் அதுக்குக் கண்ணு மங்கிடும். பூனை குறுக்க ஓடினாலோ, பல்லி அதோட முகத்து மேலயே ஊர்ந்தாலோ சும்மாவே கத்தும். நாலு தடவை சும்மா கத்தினா அஞ்சாவது தடவை யாரும் எழுந்து வர மாட்டாங்க.

கதவுக் காந்தத்துக்கு வயர் இல்லை, துளை இல்லை. ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பு, உள்ள பேட்டரி. முன் கதவு, பின் கதவு, சமையல்கட்டு ஜன்னல், மூணுக்கு மூணு. ஒரு சைரன். இதுக்கு ஆள் கூப்பிட்டுக் காசு குடுக்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை மாட்டிடும். மாசத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து கத்துதான்னு பாருங்க. பேட்டரியை வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு வீடு கழுவுறப்பவே மாத்திடுங்க. அப்படி ஒரு நாளோட சேர்த்து வெச்சாத்தான் ஞாபகம் இருக்கும்.

நாமளே மாட்டுற கேமரா: எதுவரைக்கும் சரி

வைஃபை கேமரா ஒண்ணு ஹாலுக்கு, ஒண்ணு முன் வாசலைப் பார்த்து ஜன்னலோரம். பிளக்குல சொருகி போன்ல செட் பண்ணினா வேலை செய்யும். இது வரைக்கும் நீங்களே செய்யலாம். ஆனா வாங்குறதுக்கு முன்னாடி சில கணக்கு தெரிஞ்சிருக்கணும்.

மெமரி கார்டு எத்தனை நாள் தாங்கும்? சாதாரணமா ஒரு கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்துல நிறுத்தாம பதிவு பண்ணினா, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 21 ஜிபி ஆகும். 64 ஜிபி கார்டு போட்டா மூணு நாள்தான். நாலாவது நாள் முதல் நாள் பதிவை அழிச்சுட்டு அது மேலயே எழுதும். தைப்பூசத்துக்குப் பத்துமலை போய், அப்படியே மகள் வீட்டுல ஒரு வாரம் தங்கிட்டு வந்தா, திருட்டு நடந்த ராத்திரி கார்டுல இருக்காது. ஆள் நடமாட்டம் இருந்தா மட்டும் பதிவு பண்ணுற மாதிரி வெச்சா இன்னும் நாள் தாங்கும். கார்டு கேமராவுக்குள்ளயே இருக்குறதால, கேமராவைப் பிடுங்கிட்டுப் போனா சாட்சியும் சேர்ந்து போயிடும். அதனால கைக்கு எட்டாத இடத்துல வையுங்க.

முகம் தெரியுமா? இதுதான் ஏமாத்துற இடம். போன்ல பார்த்தா வாசல், ரோடு, எதிர் லயம் எல்லாம் தெரியும், மனசு குளிர்ந்துடும். ஆனா கண்காணிப்புக் கேமராவுக்கான ஐரோப்பியத் தர அளவு ஒண்ணு இருக்கு. முன்ன பின்ன தெரியாத ஆளை முகம் பார்த்து அடையாளம் சொல்லணும்னா, படத்துல ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளி வேணும்னு அது சொல்லுது. சாதாரண 2 மெகாபிக்சல் கேமராவுல படத்தோட அகலம் 1920 புள்ளி. வகுத்துப் பாருங்க, ஏழரை மீட்டர் அகலம்தான். அதுக்கு மேல அகலமா காட்டினா, சட்டைக் கலர் தெரியும், ஆள் யாருன்னு தெரியாது. அதனால ஒரு கேமராவால முழு முற்றத்தையும் பார்க்க ஆசைப்படாதீங்க. எல்லாரும் கடந்தே ஆகவேண்டிய ஒரு வழியை, கதவையோ கேட்டையோ, நெருக்கமா பாருங்க.

ராத்திரியில கேமரா தன் சொந்த அகச்சிவப்பு வெளிச்சத்துலதான் பார்க்குது. பக்கத்துல வெள்ளை அடிச்ச சுவரோ தகரத் தாழ்வாரமோ இருந்தா, அந்த வெளிச்சம் திரும்பி அடிச்சு நடுவுல இருக்குற ஆள் இருட்டாகிடுவான். அந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், சிலந்தி கேமரா முகத்துலயே வலை கட்டும். தோட்டத்துல இது சாதாரணம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை துணியால துடைக்கணும். துடைக்க ஆள் இல்லாத வீட்டுல கேமரா மாட்டி என்ன புண்ணியம்?

கரண்ட் போனா? கேமரா மட்டும் இல்ல, மோடமும் நின்னுடும். போனுக்கு எந்தத் தகவலும் வராது. மோடத்துக்கும் கேமராவுக்கும் சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ் வெச்சா நல்லது. வைஃபை இல்லாத வீட்டுக்கு சிம் போடுற கேமரா இருக்கு. 4ஜின்னு எழுதியிருக்கான்னு பார்த்து வாங்குங்க. நம்ம நாட்டுல 3ஜி சேவையை 2021 கடைசியோட நிறுத்தியாச்சு. பழைய 3ஜி சாமானை மலிவா குடுத்தா வாங்காதீங்க. அதே மாதிரி, சிரிம் முத்திரை இருக்கான்னும் பாருங்க.

எப்ப ஆள் கூப்பிடணும்

முதல் காரணம் மின்னல். சித்திரை, வைகாசியிலயும், தீபாவளியை ஒட்டியும் சாயங்கால இடி நம்ம பக்கம் எப்படி இருக்கும்னு யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வெளியில நீளமா ஓடுற செம்புக் கம்பி, மின்னலோட அதிர்வைப் பிடிச்சு நேரா பதிவுப் பெட்டிக்குக் கொண்டு வரும். பக்கத்துல எங்கேயோ விழுந்தாலும் போதும், பெட்டி, மோடம், டிவி எல்லாம் சேர்ந்து போகும். நில இணைப்பு சரியா இருக்கான்னு சோதிக்கிறதும், மின்னல் தடுப்பு போடுறதும், தூரமான இடத்துக்குச் செம்புக்குப் பதிலா கண்ணாடி இழை வயர் இழுக்குறதும் யூடியூப் பார்த்துச் செய்ற வேலை இல்லை.

ரெண்டாவது கரண்ட். இருக்குற பிளக்குல சொருகுறது வேற. தாழ்வாரத்துக்குப் புதுசா 230 வோல்ட் பாயிண்ட் இழுக்குறது வேற. அது பதிவு பெற்ற வயர்மேன் செய்ய வேண்டிய வேலைன்னு சட்டமே சொல்லுது. எரிசக்தி ஆணையத்தோட அட்டை வெச்சிருக்காரான்னு கேளுங்க, கேட்கக் கூச்சப்படாதீங்க.

மூணாவது சுவர். கம்பெனி வீட்டுல இருக்குறவங்க முதல்ல ஆபீஸ்ல கிராணிகிட்ட சொல்லி அனுமதி வாங்கணும். வீடு நம்ம பேர்ல இல்லை, துளை போட்டா நாளைக்குப் பிரச்சனை. அதை விட முக்கியம், பழைய லயத்துல கூரையோ தடுப்போ அஸ்பெஸ்டாஸ் தகடா இருந்தா டிரில்லை எடுக்கவே எடுக்காதீங்க. அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும், அதுவும் பல வருஷம் கழிச்சுத்தான் தெரியும். ஒரு கேமராவுக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

நாலாவது உயரம். அறுபது வயசுல ஏணி ஏறாதீங்க ஐயா. இதுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆள் கூப்பிட்டாலும் கண்ணை மூடிக்கிட்டுக் கூப்பிடக் கூடாது. காசு குடுக்குறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கேளுங்க:

1. எத்தனை நாள் பதிவு நிற்கும்? "நிறைய நாள்"னு சொன்னா போதாது, எண் சொல்லணும்.

2. மாட்டி முடிச்ச அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு வந்து, வாசல்ல ஒருத்தரை நிக்க வெச்சு முகம் தெரியுதான்னு காட்டுவீங்களா?

3. முதன்மைக் கணக்கு யார் பேர்ல, யார் போன் நம்பர்ல?

4. மின்னல் அடிச்சுப் போனா உத்தரவாதத்துல வருமா, வராதா? எழுத்துல குடுங்க.

5. கெட்டுப் போனா எத்தனை நாள்ல வருவீங்க? தோட்டத்துக்குள்ள வர்றதுக்குத் தனிக் காசா?

மூணாவது கேள்வியை லேசா எடுத்துக்காதீங்க. எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல, மாட்டின ஆளே தன் போன் நம்பர்லயே கணக்கைத் திறந்து வெச்சிருந்தார். அவர் கடையை மூடிட்டுப் போன பிறகு, வீட்டுக்காரரால தன் வாசலையே தன் போன்ல பார்க்க முடியல. கேமரா அவங்க காசு, பார்வை வேற ஒருத்தர் கையில. ஆள் மாட்டினாலும், கடைசியா பாஸ்வேர்டு போடுற விரல் உங்களோடதா இருக்கட்டும்.

பாஸ்வேர்டு: பூட்டுக்கே பூட்டு

2016-ல மிராய்னு ஒரு கணினிக் கிருமி உலகத்தையே கலக்கிச்சு. அது பெரிய தந்திரம் ஒண்ணும் செய்யல. கம்பெனியில இருந்து வர்றப்ப இருக்குற அதே பாஸ்வேர்டை மாத்தாம வெச்சிருந்த கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் தேடித் தேடிப் பிடிச்சுது. அந்த வருஷம் அக்டோபர்ல அதையெல்லாம் படையா திரட்டி அடிச்சதுல, டுவிட்டர், நெட்பிளிக்ஸ் மாதிரி பெரிய தளங்களே பல மணி நேரம் சரியா வேலை செய்யல. யாரோ வீட்டுல, யாரோ கடையில மாத்தாம விட்ட பாஸ்வேர்டுதான் ஆயுதம்.

அதனால முதல் நாளே மாத்துங்க. பிறந்த தேதி வேண்டாம், கார் நம்பர் வேண்டாம். மாத்தினதை ஒரு தாள்ல எழுதி, பொறந்தநாள் சர்டிபிகேட் இருக்குற பையில வையுங்க. வாட்சாப் குழுவுல போடாதீங்க.

கோவிலுக்கு ஏன் கண்டிப்பா ஆள்

வீட்டுல ஒரு குடும்பம் தூங்குது, சாமான் கெட்டா காலையில தெரிஞ்சிடும். கோவில்ல தூங்க ஆள் இல்லை. திருட்டு நடந்ததே அடுத்த வெள்ளிக்கிழமை குருக்கள் வந்து திறக்குறப்பதான் தெரியவரும். உண்டியலை மாசத்துக்கு ஒரு தடவைதான் நிர்வாகத்தினர் முன்னிலையில திறக்கிறோம். அப்ப ஒரு மாசப் பதிவாவது இருக்கணும். நாலு கேமரா, மேல சொன்ன கணக்குப்படி, முப்பது நாளைக்கு ஏறக்குறைய 2,600 ஜிபி. 4 டிபி டிஸ்க் போடணும். 1 டிபி போட்டா பதினோரு நாள்லயே அழிய ஆரம்பிச்சிடும். இதைக் கேட்டு வாங்கத் தெரியணும், நன்கொடை குடுக்குறவங்க "விலை குறைஞ்சதா பார்த்து போடுங்க"ன்னு சொன்னாலும் விளக்கிச் சொல்லணும். கேட்டுல இருக்குற தோரணவாயில் தூரமா இருந்தா இன்னொரு சிக்கல்: சாதாரண நெட்வொர்க் வயர் 100 மீட்டருக்கு மேல போகாது. செம்பனைக்கு நடுவுல தனியா நிக்கிற கட்டடம்ங்கிறதால மின்னல் பயமும் வீட்டை விட அதிகம்.

இன்னொரு காரணம் நிர்வாகம். இன்னைக்கு இருக்குற தொண்டர் நாளைக்கு வேலை மாறிப் போகலாம். ஆண்டுக் கூட்டத்துல புது நிர்வாகம் வரலாம். ஒரு தம்பி ஆர்வத்துல தன் சொந்தப் போன்ல செட் பண்ணின கேமரா, அந்தத் தம்பியோடவே போயிடும். கோவில் சாவியை ஒப்படைக்கிற மாதிரி கேமரா கணக்கையும் கூட்டக் குறிப்புல எழுதி, தலைவர், செயலாளர், பொருளாளர்னு மூணு பேர் முன்னிலையில ஒப்படைக்கணும். இதை ஒரு வழக்கமாவே ஆக்கணும்னு எல்லாத் தோட்ட ஆலய நிர்வாகத்தையும் பணிவோட கேட்டுக்கிறோம்.

அந்தக் குறிப்புக்கு இன்னொரு பலன் இருக்கு. 1950 சாட்சியச் சட்டத்துல 90ஏன்னு ஒரு பிரிவு இருக்கு. கணினி மூலமா வந்த ஆதாரத்தை நீதிமன்றத்துல காட்டணும்னா, அந்தக் கருவியைப் பொறுப்பா நிர்வகிக்கிறவர் ஒரு சான்றிதழ் குடுக்கலாம்னு அது வழி பண்ணுது. பொறுப்பு யாருக்குன்னே எழுதி வைக்காத கோவில்ல யார் கையெழுத்துப் போடுவாங்க? கேமராவுல தேதியும் நேரமும் சரியா இருக்கான்னு மாசா மாசம் பாருங்க. அம்மன் தாலி காணாமப் போன ராத்திரி, கேமரா நேரம் 2000-ஆம் ஆண்டு ஜனவரின்னு காட்டினா வழக்குல எவ்வளவு சிக்கல்!

கேமரா எங்க பார்க்கணும்ங்கிறதும் முக்கியம். கேட், உண்டியல், சாமான் அறை, நகைப் பெட்டி இருக்குற இடம். போதும். பிள்ளைங்க நடனத்துக்கு உடை மாத்துற அறைப் பக்கம் கேமரா திரும்பவே கூடாது. கண் கலங்கி அம்மன் முன்னாடி நிக்கிறவங்க முகத்தைப் பதிவு பண்ணி வைக்க நமக்கு என்ன உரிமை இருக்கு? திருடனைப் பார்க்கத்தான் கேமரா, பக்தரைப் பார்க்க இல்லை.

பக்கத்து வீடும் பாட்டியும்

வீட்டுக் கேமராவுக்கும் இதே நியாயம்தான். ஜொகூர்ல ஒரு வழக்கு நடந்திருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் மாட்டின கேமரா தங்க வீட்டையே பார்க்குதுன்னு ஒரு குடும்பம் வழக்குப் போட்டாங்க. உயர் நீதிமன்றம் அதைத் தனியுரிமையில தலையிடுறதாத்தான் பார்த்தது. லயத்துல வாசலுக்கு வாசல் ஆறடிதான். உங்க கேமராவுல அடுத்த வீட்டு அக்கா துணி காயப் போடுறது தெரிஞ்சா, கோணத்தை மாத்துங்க. மாட்டுறதுக்கு முன்னாடியே அவங்களைக் கூப்பிட்டு போன்ல காட்டிடுங்க. நாளைக்கு சைரன் அடிச்சா ஓடி வரப் போறவங்களே அவங்கதான்.

வெளியூர்ல இருக்குற பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை. அம்மா தனியா இருக்காங்கன்னு ஹால்ல கேமரா மாட்டி, சிங்கப்பூர்ல இருந்து பார்க்குறீங்க. அக்கறைதான், புரியுது. ஆனா அவங்ககிட்ட கேட்டீங்களா? ஒரு பாட்டி எங்ககிட்ட சொன்னாங்க: "நான் எழுந்து தண்ணி குடிச்சாலும் பையன் போன் பண்ணி ஏம்மா தூங்கலன்னு கேட்கிறான். திருடனுக்கு மாட்டினதா எனக்கு மாட்டினதா?" அந்த வீட்டுல கேமராவை வாசல் பக்கம் திருப்பியாச்சு. பாட்டி கழுத்துல ஒரு அவசர பட்டன் போட்டாச்சு, அழுத்தினா வீட்டு சைரன் அடிக்கும். இப்ப பாட்டிக்கும் நிம்மதி, பையனுக்கும் நிம்மதி.

திருவிழா அன்னைக்கு

எவ்வளவு கருவி இருந்தாலும் ஆள் இருக்குறதுக்கு ஈடாகாது. அதனால இந்த வருஷம் இரதம் கிளம்புனதுல இருந்து திரும்புற வரைக்கும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு குழுன்னு தொண்டர்கள் லயத்தைச் சுத்தி வருவாங்க. ரோந்து போறவங்களும் சாமி கும்பிடணும் இல்லையா, அதனால முறை மாத்தி முறை. சைரன் சத்தம் கேட்டா தனியா உள்ள போகக் கூடாது. வெளியில நின்னு லைட் அடிச்சு, 999-க்குக் கூப்பிடணும், பக்கத்துல இருக்குறவங்களைக் கூப்பிடணும். போன சாமானைச் சம்பாதிச்சிடலாம், போன உயிரைச் சம்பாதிக்க முடியாது. ரெண்டு மூணு நாள் வீட்டைப் பூட்டிட்டுப் போறவங்க பக்கத்துப் போலீஸ் நிலையத்துலயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.

வயசானவங்க வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை பூஜை முடிஞ்சு நாங்களே வந்து கதவுக் காந்தமும் சைரனும் ஒட்டிக் குடுக்கிறோம். சாமான் காசு மட்டும் உங்களோடது. கூலி கிடையாது. அதுக்கும் வழி இல்லாதவங்க தயங்காம சொல்லுங்க, அது நமக்குள்ள இருக்கட்டும். துளை, வயர், கரண்ட் வேலை மட்டும் நாங்க தொட மாட்டோம், அதுக்கு அட்டை உள்ள ஆளைத்தான் அழைச்சுட்டு வருவோம். நாலஞ்சு வீடு சேர்ந்து கூப்பிட்டா ஆள் ஒரே நாள்ல முடிச்சிடுவார், வண்டிச் செலவும் பிரிஞ்சுடும்.

பேர் குடுக்குறவங்க வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது நேர்ல குடுங்க. இந்தப் பதிவுக்குக் கீழ "எங்க வீட்டுல அலாரம் இல்லை, நாங்க அந்த வாரம் ஊர்ல இல்லை"ன்னு தயவுசெய்து எழுதிடாதீங்க. திருவிழா நேரலையையும் வீட்டுக்கு வந்த பிறகு மத்தவங்களுக்குப் பகிருங்க.

தோட்டத்தை விட்டுப் போன சொந்தக்காரங்க இருந்தா இதை அனுப்பி வையுங்க. அவங்க அம்மா அப்பா வீடு இன்னும் இங்கதான் இருக்கு.

அம்மன் துணை. 

ஆலயத் தொண்டர்கள்